தமிழரசுக் கழகமும் காவிரிப் படுகையும்: எல்லைக் கட்சி ஒன்று நடுநிலத்தில் வேர்விடாத கதை

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு முக்கூட்டில் பேருந்தை விட்டு இறங்கினால், முதலில் கண்ணில் படுபவை கொடிக்கம்பங்கள். அரிவாள் உள்ள செங்கொடி இரண்டு கம்பங்களில் பறக்கும்; வலது, இடது என்று கட்சி 1964இல் பிரிந்தபோது கம்பமும் பிரிந்தது. பக்கத்தில் கறுப்பு சிவப்பு, அதையடுத்து நடுவில் அண்ணாவின் உருவம் வைத்த கறுப்பு சிவப்பு, சற்றுத் தள்ளிச் சாயம் போன மூவர்ணம். அண்மைக்காலமாகப் புலி பொறித்த கொடி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வில்லும் புலியும் கயலும் ஒருசேரப் பொறித்த கொடி மட்டும் எங்கும் இல்லை. அது ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகத்துக் கொடி. சோழர் புலியைக் கொடியில் ஏந்திய அந்தக் கட்சிக்குச் சோழநாட்டில் ஏன் நிலையான கம்பம் அமையவில்லை என்ற கேள்வி, ஒரு சிறிய கட்சியின் வரலாற்றோடு நிற்பதன்று. தமிழ்த் தேசியம் என்று இன்று சொல்லப்படும் அரசியல் இந்தப் படுகையில் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதையும் அது விளக்கும்.

கழகம் 1946இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் காங்கிரஸ்காரர். 1906இல் சென்னையில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்து, விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர் ம.பொ.சி. 1942இல் கைதாகி அமராவதிச் சிறையில் கிடந்த காலத்தில்தான் சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் குறிப்பிடும் செய்தி. சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த அந்தக் காப்பியத்தில் அவர் கண்டது கண்ணகியின் கற்பை மட்டும் அன்று. தமிழகம் ஒரே நிலப்பரப்பு என்ற வரைபடத்தையும் கண்டார். மூவேந்தர் சின்னமும் கொடிக்கு அங்கிருந்துதான் வந்தது.

கழகத்தின் கொள்கையை இரண்டு தரப்பிலிருந்தும் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும். திராவிட நாடு கேட்டவர்களை அது கடுமையாக எதிர்த்தது; தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசுவோர் கேட்காத ஒரு நாட்டைத் தமிழர் ஏன் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது ம.பொ.சி.யின் வாதம். மறுபக்கம், மொழிவழி மாநிலத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த தில்லிக் காங்கிரஸோடும் அது மோதியது. இந்தியாவுக்குள், தன்னாட்சி உரிமையோடு, வேங்கடம் முதல் குமரி வரை உள்ள தமிழ்நிலம் ஒரே அரசாக வேண்டும் என்பதே கோரிக்கை. பிரிவினை கேட்காத தேசியம் என்பதால் பிரிவினை கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை; காங்கிரஸுக்குள் ஒரு கிளைக்கழகம் என்பதால் காங்கிரஸுக்கும் பிடிக்கவில்லை. 1954இல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேற நேர்ந்தபோது அந்த இரட்டை வாழ்வு முடிந்தது.

கழகம் பெயர் பெற்றது எல்லைப் போராட்டங்களால். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பரில் இறந்த பிறகு ஆந்திர மாநிலம் உறுதியாயிற்று. அதன் தலைநகராகச் சென்னை வேண்டும் என்று ‘மதராஸ் மனதே’ (சென்னை நமதே) என்ற தெலுங்கு முழக்கம் எழுந்தது. ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று எதிர்முழக்கம் வைத்து நகரத்தைத் திரட்டியதில் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சென்னை தமிழர்க்கே நின்றது. ஆனால் சித்தூர் மாவட்டம் முழுதாக அங்கே போயிற்று, திருப்பதியும் போயிற்று. திருத்தணிக்காகத் தொடர்ந்த போராட்டம் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் தீர்ப்பு வழியாக 1960 ஏப்ரல் 1ஆம் நாள் பலித்தது. தெற்கே, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தன் போராட்டத்தால் 1956 நவம்பர் 1இல் குமரியை மீட்டது. கழகம் அதற்குத் துணை நின்றது. மேற்கே தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. பெற்றதும் இழந்ததுமாக இந்தக் கணக்கு இன்றும் நவம்பர் முதல் நாள் மேடைகளில் எடுத்துச் சொல்லப்படுகிறது.

இந்தப் போராட்டங்கள் அனைத்தும் நிலத்தின் விளிம்பில் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தணியில் ஒருவர் தமிழ்ப் பள்ளிக்கூடம் கேட்டால் அது அன்றாட வாழ்க்கைச் சிக்கல். அரசுக் கச்சேரியில் மனு எந்த மொழியில் எழுதுவது என்பது நாளைக்கே தீர்க்க வேண்டிய விவகாரம். கும்பகோணத்திலோ திருவாரூரிலோ அப்படி ஒரு விளிம்பு இல்லை. நான்கு பக்கமும் தமிழ் சூழ்ந்த நடுநிலம் இது. கடைத்தெருவில் வேறு மொழியோடு உரசல் இல்லை; மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களும், தெலுங்குக் கீர்த்தனைகளும், சௌராட்டிர நெசவாளர் தெருக்களும் இந்த ஊர்களுக்குள் பல நூற்றாண்டாகக் கலந்து கிடப்பவை, எவரும் அவற்றை எல்லைத் தகராறாக எண்ணியதில்லை.

இதனால் மொழியுணர்ச்சி இல்லாத மண் இது என்று எவரேனும் முடிவு செய்தால் அது பெரும்பிழை. தஞ்சைக் கரந்தையில் 1911இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம், உமாமகேசுவரனார் தலைமையில் தனித்தமிழுக்கும் தமிழ்க் கல்விக்கும் பாசறையாக இருந்தது. 1937இல் பள்ளிகளில் இந்தி வரப்போகிறது என்றதும் எதிர்ப்புக் குரல் எழுந்த முதல் இடங்களில் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு நடந்து போன தமிழர் பெரும்படையை நடத்தியவர்களில் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் முன்னணியில் இருந்தார்கள். மூவலூர் மாயவரத்தை ஒட்டிய ஊர். படை செப்டம்பர் 11ஆம் நாள் சென்னை போய்ச் சேர்ந்தது. அன்று கடற்கரைக் கூட்டத்தில்தான் பெரியார் ‘தமிழ்நாடு தமிழருக்கே’ என்ற முழக்கத்தை எழுப்பினார். அதற்கு எட்டாண்டு முன்னர், 1930 ஏப்ரலில், இதே திருச்சியிலிருந்து ராஜாஜியின் தொண்டர்கள் கிழக்கே நடந்து வேதாரண்யம் போய் உப்பு அள்ளினார்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு நடைப்பயணங்கள். ஒன்று இந்தியத் தேசியத்துக்கு, மற்றது தமிழுக்கு. இரண்டுக்கும் இந்தப் படுகை ஆட்களைக் கொடுத்தது. எனவே 1946இல் ஒரு தமிழ்க் கட்சி வந்தபோது, அது எடுத்துச் சொல்ல வேண்டிய பாதி ஏற்கெனவே இங்கே சொல்லப்பட்டிருந்தது. அதைச் சொன்னவர்களோ கழகம் எதிர்த்த பெரியார் முகாமைச் சேர்ந்தவர்கள்.

மீதிப் பாதிக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் நிலம். தஞ்சை மாவட்டத்து நஞ்சை நிலம் மிராசுதாரர்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் வேலிக்கணக்கில் குவிந்திருந்தது. அதில் உழைத்தவர்கள் பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. 1943இல் மன்னார்குடி வட்டம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே களப்பாளில் பண்ணையாட்களுக்கும் மிராசுதாரர்களுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தச் சங்கங்களை ஊர் ஊராகக் கட்டியவர் பி.சீனிவாசராவ். அவர் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழைக் கற்றுக்கொண்டு இங்கேயே தங்கி, 1961இல் இறந்து, திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் பெற்றவர். நம் பக்கத்துச் சேரிகளில் பல தலைமுறைகளாகத் தலைவர் என்றால் அவர்தான். காவிரியை வைத்துக் கன்னடரும் தமிழரும் எதிரெதிரே நிற்கும் காலத்தில் இந்தச் செய்தி பலருக்கு வியப்பாக இருக்கலாம். கடைமடையில் உள்ள முதியவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

1952 தேர்தலில் தஞ்சை மாவட்டத்தில் செங்கொடி பெற்ற ஆதரவைக் கண்டு, அவ்வாண்டே ராஜாஜி அரசு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது குத்தகைதாரருக்கு என்று அது வரையறுத்தது. ஒரு மாவட்டத்துக்கென்றே தனிச்சட்டம் போடும் அளவுக்கு நெருக்கடி முற்றியிருந்தது என்பதே இதன் பொருள். அதே மாதங்களில் தமிழரசுக் கழகத்தார் சென்னையைக் காக்க உயிரைக் கொடுப்போம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அறுவடைக் களத்தில் தன் பங்கு எத்தனை மரக்கால் என்று எண்ணிக்கொண்டிருந்தவனுக்குத் திருத்தணி வெகுதூரம். வரப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே இங்கே எல்லைத் தகராறு. அதில் கழகம் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. மிராசுதாரர் காங்கிரஸில் இருந்தார், பண்ணையாள் செங்கொடியின் கீழ் இருந்தார், இடையில் இருந்த சிறுவிவசாயியும் கடைக்காரரும் படித்த இளைஞரும் மெல்ல மெல்லத் தி.மு.க. பக்கம் போனார்கள். நாலாவது ஒரு கட்சிக்கு ஆள் எங்கிருந்து வரும்?

வந்தவர்கள் பாட்டுக்காரர்கள். வாக்குக் கொடுக்காத இந்தப் படுகை கழகத்துக்குக் கவிஞர்களைக் கொடுத்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. திருவாரூருக்குப் பக்கத்து அபிவிருத்தீசுவரத்தில் 1914இல் பிறந்த கா.மு.ஷெரீப், திரைப்படப் பாடலாசிரியராக ஊரறிந்தவர், ம.பொ.சி.யின் உறுதியான தோழராகக் கழகத்தின் முன்னணியில் நின்று, ‘தமிழ் முழக்கம்’ என்ற பெயரில் இதழும் நடத்தியவர். வேளுக்குடியில் பிறந்த கு.மா.பாலசுப்பிரமணியமும் அப்படியே: பாட்டு பிழைப்பு, கழகம் கொள்கை. ஷெரீப் இசுலாமியர் என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும். சமயத்தால் பிரிந்த இரண்டு நாடுகள் பிறக்கவிருந்த நேரத்தில், மொழியை அடையாளமாக வைத்த ஓர் அமைப்பில் தஞ்சை மாவட்டத்து இசுலாமியக் கவிஞர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். இதைவிடத் தெளிவாகக் கழகத்தின் நல்ல பகுதியைக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. அதன் பலவீனமும் இதே இடத்தில்தான் இருந்தது. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் தமிழாசிரியர்களும் கூடிய கட்சி அது. மாநாட்டில் பேச்சு மணக்கும், வாக்குச்சாவடியில் முகவராக உட்கார ஆள் இருக்காது.

சிலப்பதிகாரத்துக்கு நடந்ததும் இதை ஒத்ததே. அந்த நூலைப் புலவர்களிடமிருந்து வாங்கிப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர் ம.பொ.சி. என்று சொல்லலாம், சிலம்புச்செல்வர் என்ற பட்டமே அவருக்குப் பெயராக நிலைத்தது. 1950களின் தொடக்கம் முதல் கழகம் சிலப்பதிகார விழாக்களை நடத்தியது. காப்பியம் தொடங்கும் ஊர் நம்முடைய பூம்புகார். 1960களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து, கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறையை வெளிக்கொண்டுவந்தது. 1973இல் கடற்கரையில் ஏழுநிலை மாடம் வைத்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. எழுப்பியது தி.மு.க. அரசு. பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் வரிசையில் நின்று பார்த்த அந்தக் கற்சிற்பங்களுக்கு முன்னே விளக்கம் சொன்ன ஆசிரியர் கோவலன் பெயரையும் மாதவி பெயரையும் சொன்னார், கலைஞர் பெயரையும் சொன்னார். சிலம்பை மேடைக்குக் கொண்டுவந்தவரின் பெயரைச் சொன்னதாக நினைவில்லை. அவர்மீது குற்றமில்லை, கல்லில் அதற்கான தடயம் எதுவும் இல்லை.

கழகத்தோடு ஒத்த காலத்தில் எழுந்த மற்ற இரண்டு கட்சிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சி.பா.ஆதித்தனார் 1958இல் தொடங்கிய நாம் தமிழர் இயக்கம் தனித் தமிழ்நாடு கேட்டது, 1960இல் தமிழ்நாடு நீங்கலான இந்தியப் படத்தை எரிக்கும் போராட்டத்தைப் பெரியாரோடு சேர்ந்து நடத்தியது, 1967இல் தி.மு.க.வோடு கலந்தது. ஆதித்தனார் சட்டமன்றத் தலைவரானார், பின்னர் அமைச்சரானார். ஈ.வெ.கி.சம்பத் 1961 ஏப்ரலில் தி.மு.க.வை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். கண்ணதாசன் உடன் போனார். திராவிட நாடு நடக்காத கனவு, தமிழ்நாட்டுக்குத் தன்னுரிமை கேட்பதே நடைமுறை என்பது அவர் வாதம். 1962 தேர்தலில் நின்ற இடமெல்லாம் தோல்வி. 1964இல் கட்சி காங்கிரஸில் கரைந்தது. அதே 1962இல் தஞ்சாவூர்த் தொகுதியில் காங்கிரஸின் பரிசுத்த நாடாரை மு.கருணாநிதி வென்றார் என்பதை நினைத்தால், இந்தப் படுகையில் சம்பத்தின் கட்சிக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். 1963இல் வந்த பதினாறாம் அரசமைப்புத் திருத்தம், வேட்பாளர் ஒவ்வொருவரும் நாட்டின் இறையாண்மைக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று விதித்தது, தி.மு.க.வே திராவிட நாட்டைக் கைவிட்டது. பிரிவினை கேட்காத தமிழ்த் தேசியம் என்று கழகம் தனித்து வைத்திருந்த கடைக்கு அதன்பின் சரக்கில் வேறுபாடு இல்லாமல் போயிற்று. மாநிலத் தன்னாட்சியைத் தி.மு.க.வே பேசத் தொடங்கியது.

1967இல் ம.பொ.சி. தி.மு.க. கூட்டணியில், உதயசூரியன் சின்னத்தில், தியாகராய நகரில் வென்றார். வாழ்நாளெல்லாம் எதிர்த்த இயக்கத்தின் சின்னத்தில் வென்றதைச் சிலர் சரணாகதி என்றார்கள், சிலர் அறிவுடைமை என்றார்கள். எனக்கு இரண்டாவது கருத்தே சரியென்று படுகிறது. கூட்டணிக்கு வெளியே நின்றிருந்தால் அவ்வாண்டு ஜூலை 18இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியபோது, அதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர் அவைக்குள் இருந்திருக்க மாட்டார். பெயர் நடைமுறைக்கு வந்த நாள் 1969 ஜனவரி 14. அதற்குச் சரியாக 20 நாள் முன்னர், 1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். சென்னையில் பெயர்மாற்றத்தைக் கொண்டாடிய அந்தப் பொங்கலை வெண்மணிக்காரர்கள் சாம்பலுக்கு நடுவில் கழித்தார்கள். தமிழ்நாடு என்ற பெயருக்கும் இந்தப் படுகையின் வயிற்றுக்கும் இடையில் எவ்வளவு தொலைவு இருந்தது என்பதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

நிலம் இப்படி என்றால் நீர் என்னவாயிற்று? எல்லைக் கட்சி கோட்டைவிட்ட இடம் என்று நான் கருதுவது இதுதான். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, தலைக்காவிரி அமைந்த குடகு தனி மாநிலம் என்ற நிலையை இழந்து மைசூரோடு சேர்ந்தது. கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம், காவிரிக் கரையோடு, அதே நாளில் மைசூருக்குப் போயிற்று. கழகத்தின் பெயரோடு இன்று நினைக்கப்படுபவை வேங்கடமும் குமரியும் தேவிகுளம் பீர்மேடும். குடகும் கொள்ளேகாலும் அந்தப் பட்டியலில் நினைவுக்கு வருவதில்லை. பீர்மேட்டுக்காகக் குரல் எழுந்ததில் பெரியாறு அணையின் நீரும் ஒரு காரணம் என்பதால், தண்ணீர்க் கணக்குத் தெரியாதவர்கள் அவர்கள் என்று சொல்லவும் முடியாது.

காவிரியை மறந்ததற்குக் காரணம் அன்றைய நிறைவு. 1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்த ஒப்பந்தத்துக்கு இன்னும் 18 ஆண்டு மீதம் இருந்தது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 93 டி.எம்.சி. கொள்ளும். ஜூன் 12இல் திறந்தால் ஜனவரி 28 வரை தண்ணீர். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டமும் அந்தத் தேதிகளைச் சுற்றியே நின்றன. ஆடிப்பெருக்கில் கரை புரளும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அந்த ஆறு இன்னோர் அரசின் எல்லைக்குள் பிறக்கிறது என்ற எண்ணமே எழாது. தண்ணீரில் அன்று இருந்த தகராறெல்லாம் உள்ளூர்த் தகராறு: மேல்மடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார், கடைமடைக்கு முறை வரவில்லை, மடை திறக்கும் ஊழியரான லஸ்கர் ஓரம் போகிறார் என்பவை. பொதுப்பணித்துறை அலுவலக வாசலில் தீர்ந்துபோகும் விவகாரங்கள்.

1960களில் தொடங்கிக் கர்நாடகம் ஹேமாவதியிலும் ஹாரங்கியிலும் கபினியிலும் அணை கட்டியது. 1974இல் ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் கெடு முடிந்தது என்று அது வாதிட்டது. இல்லை, ஒப்பந்தம் நிலையானது, சில பிரிவுகளே மறுபார்வைக்குரியவை என்றது தமிழ்நாடு. பேச்சுவார்த்தைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. நடுவர் மன்றம் கேட்டு 1983இல் உச்ச நீதிமன்றம் போனது எந்தக் கட்சியும் அன்று. படுகையின் விவசாயிகள் சங்கம். அந்த வழக்கின் விளைவாகவே 1990 ஜூன் 2இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. அடுத்த ஆண்டு 205 டி.எம்.சி. விட வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு வந்ததும், டிசம்பரில் பெங்களூரிலும் காவிரி ஓடும் கர்நாடக மாவட்டங்களிலும் தமிழர் தாக்கப்பட்டுக் கூட்டம் கூட்டமாக ஓடிவந்தார்கள். எல்லை என்பது என்னவென்று தஞ்சைக்கு முதன்முதலாகப் புரிந்தது அப்போதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ம.பொ.சி. அப்போது உயிரோடு இருந்தார். கழகம் பெயரளவில்கூட இந்தப் பக்கம் இல்லை. மேலவைத் தலைவராக இருந்து, 1986இல் மேலவையே கலைக்கப்பட்டதும் பதவி முடிந்து, 1995 அக்டோபரில் அவர் மறைந்தார்.

அந்த வெற்றிடத்துக்கு வந்தவர்கள் புலவர் மரபிலிருந்து வரவில்லை; செங்கொடி வீட்டிலிருந்து வந்தார்கள். இதற்கு ஒரு முன்னோட்டம் 1970களிலேயே நடந்தது. கீழ்த்தஞ்சையில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய தலைவர்களுள் ஒருவரான மணலி கந்தசாமி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு வெளியேறித் தமிழ்நாடு கம்யூனிஸ்ட் கட்சி என்று தனிக்கட்சி கண்டார். பிரிவுக்கு உடனடிக் காரணம் தி.மு.க.வோடு உறவு எப்படி என்பதுதான், ஆனாலும் பெயரில் ‘இந்திய’ போய்த் ‘தமிழ்நாடு’ வந்தது கவனிக்கத்தக்கது. அது நெடுநாள் நிற்கவில்லை. 1980களின் நடுவில் மார்க்சிஸ்ட் கட்சியை விட்டு வந்த தஞ்சைப் பகுதித் தோழர்களில் ஒருவரான பெ.மணியரசன், தமிழ்த் தேசப் பொதுவுடைமைக் கட்சி வழியாகத் தமிழ்த் தேசிய அரசியலுக்கு நகர்ந்தார். 2014இல் அது தமிழ்த் தேசியப் பேரியக்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தேர்தலில் நிற்பதில்லை என்பது அதன் கொள்கை. இந்த அமைப்பு முன்னின்று நடத்தியதே காவிரி உரிமை மீட்புக் குழு. சங்கம் கட்டுவது, துண்டறிக்கை அடிப்பது, கிராமம் கிராமமாகத் தெருமுனைக் கூட்டம் போடுவது, மறியலில் உட்கார்வது என்று செங்கொடிச் சங்கத்தில் பழகிய வேலைமுறை அப்படியே தொடர்ந்தது. முழக்கத்தில் வர்க்கம் இருந்த இடத்தில் இனம் வந்தது. பழைய தோழர்களுக்கு இது பெரிய மனக்கசப்பு. சீனிவாசராவின் மண்ணில் கன்னடரை எதிரியாக நிறுத்துவதா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அணையைத் திறக்காவிட்டால் அந்தப் பண்ணையாளின் பேரனுக்கும் கூலி வேலை கிடையாது என்று மற்றவர்கள் சொல்வதையும் தள்ள முடியாது.

மொழிக் கோரிக்கையும் இதே அமைப்புகளின் வழியாகத்தான் படுகைக்குப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2020 பிப்ரவரி 5இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 23 ஆண்டுக்குப் பின் குடமுழுக்கு நடந்தபோது, அது தமிழில் நடக்க வேண்டும் என்று பெரிய கோயில் உரிமை மீட்புக் குழுவினர் கிளர்ந்தனர். தமிழிலும் சமற்கிருதத்திலும் நடத்துவதாக அரசு சொன்னதை ஏற்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. ராசராசன் கோயில் விமானத்தின்மேல் தமிழ் ஒலித்ததைக் கழகத்தின் பழைய தொண்டர் எவரேனும் இருந்து கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் வாக்கு? 2010இல் சீமான் புதிதாகத் தொடங்கிய நாம் தமிழர் கட்சி 2016இல் 234 தொகுதிகளிலும் நின்று ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் எட்டு விழுக்காட்டைத் தாண்டி அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சியாயிற்று. அந்தத் தேர்தல்கள் எதிலும் தொகுதி ஒன்றும் இல்லை. மீத்தேன் எதிர்ப்பு, கதிராமங்கலம் எண்ணெய்க் குழாய் எதிர்ப்பு என்று படுகையின் ஒவ்வொரு போராட்டத்திலும் சிறிய தமிழ்த் தேசிய அமைப்புகளின் கொடி முன்னால் நின்றது. மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில் இருந்தபோதுதான் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30இல் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் இறந்தார். 2020 பிப்ரவரியில் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது அ.தி.மு.க. அரசு. 2018இல் காவிரி மேலாண்மை வாரியத்துக்காக ஊரெல்லாம் மறியல் நடந்த ஏப்ரலில், முக்கொம்பிலிருந்து தி.மு.க. கிளப்பிய நடைப்பயணத்தின் பெயர் ‘காவிரி உரிமை மீட்புப் பயணம்’. அந்த நான்கு சொல்லில் மூன்று எங்கிருந்து வந்தவை என்று படுகையில் எல்லோருக்கும் தெரியும். எவரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. தமிழ்நாடு என்ற பெயரும் சிலம்பும் இப்படித்தானே கைமாறின.

அதே 2018இல் பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 2007இல் நடுவர் மன்றம் தந்த 419 டி.எம்.சி.யிலிருந்து 14.75ஐக் குறைத்து இறுதித் தீர்ப்புச் சொன்னது. கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீரை மாநில எல்லையில் விட வேண்டும். அளக்கும் இடம் பிலிகுண்டுலு, ஒகேனக்கலுக்கு மேலே மத்திய நீர்வளக் குழுமத்தின் அளவீட்டு நிலையம். அந்த ஊரைப் படுகையில் எவரும் நேரில் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் ஜூன் மாதம் பிறந்தால் முத்துப்பேட்டைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் முதல் ஆள் நாளிதழை விரித்ததும், மற்றவர்கள் கேட்பது பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி, மேட்டூரில் எத்தனை அடி என்பதைத்தான். 120 அடியில் எவ்வளவு குறைவு என்று ஒருவர் மனக்கணக்குப் போடுவார். நாற்றங்கால் விடுவதா, நேரடி விதைப்பா என்று இன்னொருவர் முடிவு செய்வார். கடைக்கு எதிரே கொடிக்கம்பங்கள் நிற்கின்றன.